காற்று கூரையைத் தூக்கும்

வணக்கம் நேயர்களே. ஐப்பசி பிறந்துவிட்டது. கச்சான் காற்று அடங்கி வாடைக்காற்று தொடங்கப் போகிறது. எங்கள் திருகோணமலையில் சல்லி, சாம்பல்தீவு, நிலாவெளி, குச்சவெளி, அந்தப் பக்கம் மூதூர், சம்பூர் என்று கரையோரம் வீடு வைத்திருப்பவர்களுக்கு மாரி வந்தால் ஒரு காது எப்போதும் கூரையில்தான் இருக்கும். நான் கட்டடத் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். வேலை செய்த காலம் முழுக்க என் யோசனையும் அந்தக் கூரையில்தான். கிணறு, மரம், கடல் பற்றியும் குறித்துக் கொண்டுவந்திருக்கிறேன். முதலில் கூரை.

காற்று கூரையை அமுக்குவதில்லை, தூக்குகிறது. இதை இன்றைக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். காற்றுக்குள் குடை பிடித்துப் போனவர்களுக்குத் தெரியும், குடை மேலே இழுக்கும், கீழே அமுக்காது. கூரைக்கு மேலால் வேகமாக ஓடும் காற்று தகட்டை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. காற்றுப் பக்கத்து யன்னல் ஒன்று உடைந்துவிட்டால் உள்ளே புகுந்த காற்று அடியிலிருந்தும் தள்ளுகிறது. மேலே இழுவை, கீழே தள்ளு. யன்னலைத் திறந்துவிட்டால் காற்று வந்த வழியே போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்துங்கள்.

வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். வழக்கமான வாடை 40 கிலோமீற்றர் வேகத்தில் அடித்துக் கூரை அசையவில்லை என்று நிம்மதியாக இருப்போம். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிச் சூறாவளி எங்களுக்கு வடக்கே கரையேறியபோது காற்று 80, 90 கிலோமீற்றர். அந்த 40ஐத் தாங்கிய ஆணி இதைத் தாங்கும் என்று எப்படிச் சொல்வது?

எனக்கு இதைப் புரியவைத்தவர் ஒரு கடற்றொழிலாளி. 2000ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள் திருகோணமலையைச் சூறாவளி தாக்கியது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அது முடிந்து சேதம் பார்க்கப் போனோம். கரையோரக் கிராமம் ஒன்றில் ஒழுங்கை முழுக்கத் தகரம். ஒரு வீட்டின் தகடு அடுத்த வளவுக் கிணற்றுக்குள் செருகிக் கிடந்தது. மேலே கல்லும் மண்மூட்டையும் ஏற்றி வைத்த கூரைகள் கல்லோடு சேர்ந்து போயிருந்தன. நடுவிலே ஒரு கிடுகு வீடு, நனைந்து கறுத்து, ஆனால் முழுசாக நிற்கிறது. கூரைக்கு மேலே பழைய கரைவலை விரித்திருந்தது. நாலு பக்கமும் வலையிலிருந்து கயிறு இறங்கி மணலுக்குள் போகிறது. கயிற்றுக்கு முளை எதையும் காணவில்லை. ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

வீட்டுக்கார முதியவர் திண்ணையில் இருந்தபடியே சொன்னார்: "தம்பி, அதுக்குக் கீழ பனங்குத்தி கிடக்கு. இடுப்பளவு தோண்டி, குத்தியப் படுக்கப் போட்டு, கயித்தச் சுத்தி மூடினது. முளையெண்டா இழுக்க இழுக்க வந்திடும். இது வராது." கூரைக்குக் கல் வைக்கவில்லையா என்று கேட்டேன். "தூக்கிற காத்துக்கு மேல கல்லு வைச்சு என்ன பிரயோசனம்? கட்டவேணும். 64 சூறாவளியில எங்கட அப்பு இதைத்தான் சொன்னவர்."

1964 டிசம்பரில் வடகிழக்கு வழியாகப் போய்த் தனுஷ்கோடியை அழித்த அதே சூறாவளி. அந்த வீட்டில் அதன் பாடம் தலைமுறை தாண்டி நின்றிருக்கிறது. வலைக்கண்ணால் காற்று போய்விடும், கிடுகு போகாது. நாங்கள் புத்தகத்தில் படித்ததை அவர் மணலுக்குள் புதைத்து வைத்திருந்தார்.

இன்றைக்குக் கிடுகு வீடு குறைவு. ஆனால் விசயம் அதேதான்: கட்டவேண்டும். தகடு அதன் கீழுள்ள குறுக்குச் சட்டமான ரீப்பையில், ரீப்பை சரிந்து நிற்கும் கைமரத்தில், கைமரம் சுவர்மேல் கிடக்கும் மரமான வளையில், வளை சுவரில், சுவர் அத்திவாரத்தில். இதில் எந்த இடம் தளர்வோ அந்த இடத்தில்தான் காற்று பிரிக்கும். பல வீடுகளில் நான் பார்த்த தளர்வு வளைக்கும் சுவருக்கும் நடுவில். வளை சும்மா சுவரில் பாரத்தில் கிடக்கும். புது வீடு கட்டுகிறவர்கள் சுவர் உச்சியில் கொங்கிறீற் போடும்போதே கம்பியை மேலே விட்டு, அந்தக் கம்பியால் வளையைச் சுற்றி முறுக்கச் சொல்லி மேசனிடம் கேளுங்கள். சில்லறைச் செலவு.

பழைய வீட்டுக்காரர் ஆணியைப் பாருங்கள். கீழே நின்று பார்த்தால் தெரியாது. தகர ஆணியின் தலை நன்றாக இருக்கும். அதன் கீழிருக்கும் றப்பர் வாசர் வெயிலில் வெடித்திருக்கும், உப்புக்காற்றின் ஈரம் அதற்குள் நின்று ஆணியின் கழுத்தைத் தின்றிருக்கும். கையால் பிடித்து ஆட்டினால் தலை மட்டும் கழன்று வரும். அதைச் சுற்றித் தகட்டில் துளையும் பெருத்திருக்கும். அந்தத் துளையில் திரும்ப ஆணி அடிக்காதீர்கள், சற்றுத் தள்ளி துத்தநாகம் பூசிய திருகாணியோ கொக்கி ஆணியோ போட்டு, பழைய துளையை அடையுங்கள். கூரை விளிம்பிலும் முகட்டிலும் நெருக்கமாகப் போடுங்கள், காற்று பிடிக்கிற இடங்கள் அவை. அஸ்பெஸ்டஸ் என்றால் நேரே கால் வைக்கவே கூடாது, பலகை போட்டு அதில்தான் நிற்கவேண்டும். மழை தொடங்கிய பிறகு ஏறவே வேண்டாம்.

முன்விறாந்தைக்கு நீளமாக இறக்கிய பத்தியைப் பெரிய கூரையோடு ஒன்றாக இணைக்காமல் தனியாக வையுங்கள். பத்தி போனாலும் வீடு மிஞ்சும்.

அடுத்தது சூறாவளியின் கண், அதாவது அதன் நடுவில் காற்று அடங்கிக் கிடக்கும் இடம். காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்பதைப் படம் போட்டுத்தான் காட்டலாம், அதை விடுகிறேன். இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: பேய்க்காற்று திடீரென்று நின்று வானம் வெளித்தால் அது முடிவாக இருக்காது. கண் உங்களுக்கு மேலே நிற்கலாம். சற்று நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். தகரம் பொறுக்கவும் ஆட்டைத் தேடவும் வெளியே போகிறவர்கள் அகப்படுவது அப்போதுதான். பிள்ளைகளை உள்ளேயே வைத்திருங்கள்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். மிச்சத்தை ஓட்டமாகச் சொல்கிறேன். வீட்டோடு நிற்கும் முருங்கை சுலபமாக முறியும், இப்போதே கவ்வாத்துப் பண்ணுங்கள். தென்னையில் காய்ந்த மட்டை, தேங்காய் இறக்குங்கள். கடல் ஏறினால் கிணறு உப்பாகும், குடிதண்ணீரை முன்கூட்டியே நிரப்பி மூடி வையுங்கள். அடையாள அட்டை, காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் கட்டி ஒரே இடத்தில் வையுங்கள். வெளியேறச் சொல்லி அறிவித்தால், கூரை எவ்வளவு பலமானாலும், கடலோரத்தில் நிற்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. சுவரில் எழுதி ஒட்டுங்கள். வணக்கம்.