வீட்டுக்கா, பரிசுக்கா?

வணக்கம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஜப்பானில் கிறிஸ்துமஸுக்கு அரசு விடுமுறை கிடையாது. டிசம்பர் 25 வார நாளில் வந்தால் எல்லாரும் வேலைக்குப் போகிறார்கள். கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் இருந்தால் அதிகம். ஆனால் டிசம்பர் பிறந்துவிட்டால் டோக்கியோ ஒமோடேசாண்டோவில் சாலையின் இரண்டு பக்க மரங்களிலும் விளக்குச் சரம் ஏறியிருக்கும், எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் கிறிஸ்துமஸ் பாட்டு. சாமி இல்லாத பண்டிகையா என்று நான் போன முதல் வருஷம் மனசுக்கு ஒட்டவே இல்லை.

அப்புறம் ஒரு நாள் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஒன்றில் தோழி ஒருத்திக்குக் கைக்குட்டை வாங்கினேன். பில் போடும் பெண் கேட்டாள்: "வீட்டுக்கா, பரிசுக்கா?" பரிசுக்கு என்றேன். காகிதத்தைக் குறுக்காக விரித்து, பெட்டியை ஒரு மூலையில் வைத்து, ஒவ்வொரு மடிப்பையும் விரல் நுனியால் நீவி நீவி உருட்டிக்கொண்டே போனாள், கடைசியில் ஒரே ஒரு சின்ன டேப். வெளியே மழை என்பதால் காகிதப் பைக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் மடித்தபடி இன்னொரு புதுப் பையும் இருந்தது. ரயிலில் கொண்டுபோகும் பை கசங்கிவிடும், கொடுக்கும்போது இதில் போட்டுக் கொடுங்கள் என்றாள். என் தோழி யாரென்றே அவளுக்குத் தெரியாது, ஆனால் அவ்வளவு நேரமும் அவள் யோசித்தது என் தோழியைப் பற்றித்தான்! எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது, ஒருவர் முகம் சுளிக்கவில்லை.

அதே கடையில் இன்னொரு தளத்தில் 'ஒசெய்போ' விற்பனை நடக்கும். வருஷம் முழுக்க நமக்கு உதவியவர்களுக்கு ஆண்டு முடிவில் அனுப்பும் பரிசு அது. ஹாம், பீர், சமையல் எண்ணெய், பழம் என்று எல்லாமே பெட்டி பெட்டியாக. கிறிஸ்துமஸ் எங்கிருந்தோ வந்து இந்தப் பழைய பழக்கத்தின் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

சாப்பாடு தனிக் கதை. 1974இல் கேஎஃப்சி, கிறிஸ்துமஸுக்குப் பொரித்த கோழி சாப்பிடுங்கள் என்று நாடு முழுக்க ஒரு விளம்பரம் செய்தது. இன்று அந்தக் கோழிக்கு முன்கூட்டியே பதிவு செய்துவைக்க வேண்டும். அப்புறம் கேக். வெள்ளை கிரீம், மேலே சிவப்பு ஸ்ட்ராபெர்ரி. சிவப்பும் வெள்ளையும் சேர்ந்தால் அவர்களுக்கு மங்கல நிறம். வசந்தத்தில் காய்க்க வேண்டிய பழத்தைப் பசுமைக் குடிலில் வளர்த்து டிசம்பருக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

25 ராத்திரியே கடைகளில் மரத்தைக் கழற்றிவிடுவார்கள். மறுநாள் காலை போனால் அந்த இடத்தில் புத்தாண்டுக்கான பைன் கிளையும் மூங்கிலும் நிற்கும். இதைப் பார்த்து எல்லாம் வெறும் வியாபாரம் என்று சொல்பவர்கள் உண்டு. சரி, வியாபாரம்தான், யார் இல்லை என்றது? ஆனால் 24ஆம் தேதி சாயங்காலம் நெரிசலான ரயிலில் ஒரு முறை ஏறிப் பாருங்கள். கோட் போட்ட ஒருவர், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கேக் பெட்டியை இரண்டு கையாலும் சாயாமல் பிடித்திருப்பார். நிற்கவே இடமில்லாத ரயில் பெட்டியில், சுற்றி இருப்பவர்கள் அந்தக் கேக்குக்கு மட்டும் ஒரு சாண் இடம் விட்டிருப்பார்கள்.