கோட்டாக் கடிதம் வாங்காத மந்திரி

நடுவர் அவர்களே, தில்லிக் குளிரில் மப்ளரோடு வந்திருப்பவர்களே, வணக்கம். அரசியல்வாதிக்குப் பெருமை சாதனையாலா, எளிமையாலா? நான் எளிமைக் கட்சி.

எதிரணி நண்பர் போகிற போக்கில் ஒன்று கேட்டார்: "கக்கனுடைய எளிமையை வைத்துத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஒரு பெர்த் வாங்க முடியுமா?" நீங்களும் கைதட்டினீர்கள். தட்டியவர்களில் பாதிப் பேர் போன மே மாதம் அவசர ஒதுக்கீட்டில் பெர்த் கேட்கும் கோட்டாக் கடிதத்துக்காக எம்.பி. வீட்டு வாசலில் என்னோடு நின்றவர்கள்! மூன்றாவது வரிசை ஐயா, முகத்தைத் திருப்பாதீர்கள். உங்களுக்குக் கீழ் பெர்த் கிடைத்தது. எனக்குக் கழிவறையை ஒட்டிய சைடு அப்பர். முப்பது மணி நேரத்துக்கு மேல் கதவு என் காதருகே அடித்துக்கொண்டே வந்தது.

சாதனைதான் வேண்டுமா? மேலூர் பக்கத்துத் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன், இதே தில்லியில் அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்தார். 1957 முதல் பத்தாண்டுகள் மந்திரி: பொதுப்பணி, விவசாயம், உள்துறை. 1959இல் வைகை அணை திறந்தபோது பொதுப்பணி அவர் கையில். 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது உள்துறையும் அவர் கையில்தான். அந்தத் துப்பாக்கிச் சூட்டுக் கறையை நான் துடைக்க வரவில்லை. 1967இல் தோற்றார். போதுமா?

இப்போது ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். மதுரை அரசு மருத்துவமனை. முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அங்கே சிகிச்சையில் இருந்த, மேயராக இருந்த அரசியல்வாதி மதுரை முத்துவைப் பார்க்க வருகிறார். வந்த இடத்தில் யாரோ சொல்கிறார்கள், கக்கனும் இங்கேதான் இருக்கிறார் என்று. எங்கே? பொது வார்டில். பின்வரிசைக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது, மறுபடியும் சொல்கிறேன்: மாநிலத்தின் போலீஸ் முழுவதும் யாருக்கு சல்யூட் அடித்ததோ, அவர் பொது வார்டில்! நம் ஊரில் கவுன்சிலரின் மைத்துனருக்குச் சளி பிடித்தால் தனி அறை கேட்பார்கள். கக்கன் கட்டிலில் படுத்திருக்கிறார், பக்கத்துக் கட்டில்காரருக்கு இவர் யாரென்று தெரிந்ததோ என்னவோ. எம்.ஜி.ஆர். பதறிப்போய்த் தனி வார்டுக்கு மாற்றச் சொன்னார். சொன்னது அவர், கேட்டது இவரல்ல.

மணி அடிக்கிறீர்களே நடுவர் அவர்களே, ஒரே நிமிடம்.

அந்த சைடு அப்பரில் நான் போனது என் அப்பாவைப் பார்க்க. அவரும் மதுரையில் ஒரு பொது வார்டில்தான் கிடந்தார். நான் வெறுங்கையோடு போகவில்லை. தனி அறைக்கு இன்னொரு சிபாரிசுக் கடிதமும் வாங்கிப் போயிருந்தேன். நீட்டினேன். கண்ணாடி போட்டு, கடைசி வரி வரை படித்தார். "கக்கன் படுத்த ஊருடா இது" என்றார். வார்டில் மின்விசிறி சரியாக ஓடவில்லை. கடிதத்தை நான்காக மடித்து, முதலில் பக்கத்துக் கட்டில் பெரியவருக்கு விசிறினார். அப்புறம் தனக்கு.