கழித்தலில் ஒளிந்திருந்த பிழை

நேயர்களுக்கு வணக்கம். இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் நினைவக எல்லைப் பிழை, அதாவது ஒதுக்கிய இடத்தைத் தாண்டிப் படிக்கும் அல்லது எழுதும் பிழை என்றதும், எல்லையைச் சோதிக்கும் வரியை யாரோ எழுத மறந்துவிட்டார்கள் என்றே பலரும் எண்ணுகிறோம். அப்படி மறந்த இடங்களும் உண்டு. எனக்கு அதைவிடக் கவலை தருபவை, சோதனை இருந்தும் அதன் கணக்கு பிசகியிருக்கும் இடங்கள்.

லினக்ஸ் கெர்னலில் 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட பிழை ஒன்றைப் பாருங்கள். ஒரு கோப்பு முறைமையை மவுண்ட் செய்யும்போது, அதாவது கணினியோடு இணைக்கும்போது, பயனர் தரும் விருப்பங்களை, ஒரு பக்க அளவுள்ள, அதாவது வழக்கமாக 4096 பைட் கொண்ட பஃபர் என்னும் தற்காலிக நினைவிடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துவைக்கும் நிரல் அது. பக்க அளவிலிருந்து 2-ஐயும் ஏற்கெனவே நிரம்பிய அளவையும் கழித்து, புதிய சரத்தின், அதாவது எழுத்துத் தொடரின், நீளம் அந்த மிச்சத்தைவிட அதிகமானால் மறுத்துவிட வேண்டும் என்ற சோதனை அதில் இருந்தது. படித்துப் பார்த்தால் குறை எதுவும் கண்ணில் படாது. ஆனால் நிரம்பிய அளவு 4095 ஆகிவிட்டால் மிச்சம் மைனஸ் ஒன்று. குறியற்ற எண்ணில் மைனஸுக்கு இடமில்லாததால், அந்த வகை எண் கொள்ளக்கூடிய மிகப் பெரிய மதிப்பாக அது மாறிவிடும். அதன்பின் எந்த நீளமும் சோதனையைத் தாண்டிச் செல்லும். பஃபருக்கு அப்பால் இருக்கும் கெர்னலின் நினைவகம் மேலெழுதப்படும். சாதாரணப் பயனர் ஒருவர் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற அதுவே போதுமானதாக இருந்தது.

திருத்தம் ஒரே வரிதான். கழித்தலை நீக்கி, நிரம்பிய அளவையும் புதிய நீளத்தையும் 2-ஐயும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை பக்க அளவைத் தாண்டுகிறதா என்று கேட்டார்கள். கூட்டலும் வழிந்து சுழியத்துக்குத் திரும்பக்கூடியதே. இங்கே நீளங்கள் முன்பே சிறிய அளவுக்குள் கட்டுப்படுத்தப்பட்டிருப்பதால் அந்த ஆபத்து இல்லை. அத்தகைய உறுதி இல்லாத இடங்களில், வழிதலைக் கண்டுசொல்லும் கூட்டல் மேக்ரோக்களை, அதாவது ஆயத்த நிரல் துண்டுகளை, கெர்னலே தருகிறது. அவற்றைப் பயன்படுத்தத் தயங்கக் கூடாது.

2015-இல் லினக்ஸில் சேர்ந்த கேசன் என்னும் கருவி, ஒவ்வொரு 8 பைட்டுக்கும், அவற்றில் எவற்றைத் தொடலாம் என்று குறிக்கும் ஒரு நிழல் பைட் வைத்து எல்லை மீறலை அது நிகழும் கணத்திலேயே பிடிக்கிறது. பிழையுள்ள பாதை ஓடினால்தான் அதனாலும் பிடிக்க முடியும். ஆகவே பேட்ச் எனப்படும் திருத்தத்தை எழுதுபவர், பஃபரை 4095 வரை நிரப்பிப் பார்க்கும் சோதனையையும் உடன் எழுதி, அதே வடிவக் கழித்தல் அக்கம்பக்கத்து நிரல்களிலும் இருக்கிறதா என்று தேடிய பிறகே அதை அனுப்ப வேண்டும்.