ஓரிரு இடங்களில் இடியுடன் மழை

நேயர்களுக்கு வணக்கம்.

‘நீலகிரி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடி, மின்னலுடன் மழை பெய்யக்கூடும்’ என்று வானிலை அறிக்கை வந்தால், எங்கள் ஊர் டீக்கடையில் சிரிப்பு கிளம்பும். “அந்த ஓரிரு இடம் எதுன்னு சொல்லிட்டா துணியை எடுத்து வச்சிரலாம்ல?” என்பார்கள். கோத்தகிரிப் பக்கம் இரண்டு ஏக்கர் தேயிலையும், தோட்டத்து ஓரத்தில் ஒரு மழைமானியும் வைத்திருப்பவன் நான். நானும் அப்படிச் சிரித்தவன்தான். இன்று அந்த வார்த்தைக்கு வக்காலத்து வாங்க வந்திருக்கிறேன்.

மே மாதம் மேட்டுப்பாளையத்தில் 36 டிகிரி அடிக்கும்போது ஊட்டியில் 23, 24தான் இருக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். கீழே ஏறத்தாழ 330 மீட்டர், மேலே 2,240. கணக்கு சரியாக வருகிறது. ஆனால் காலை வெயில் மலைச்சரிவில் விழுந்ததும், அதே உயரத்தில் பள்ளத்தாக்குக்கு மேலே நிற்கும் காற்றைவிடச் சரிவை ஒட்டிய காற்று சீக்கிரம் சூடாகிவிடும். சூடானது மேலே ஏறும். பத்து மணிக்குத் தொட்டபெட்டாவுக்கு மேல் பஞ்சுத் துணுக்குகள், பன்னிரண்டுக்குக் காலிஃபிளவர், இரண்டு மணிக்கு அடிவயிறு கறுத்துவிடும்.

எந்தச் சரிவில் காற்று முந்திக்கொண்டு ஏறும்? நேற்று மழை பெய்து நனைந்த மண்ணா, காய்ந்த மண்ணா, சோலைக்காடா, கவ்வாத்து வெட்டி மொட்டையாக நிற்கும் தேயிலையா, எல்லாவற்றையும் பொறுத்தது அது. முந்தின நாளே ஊர் பெயர் சொல்ல யாராலும் முடியாது. ‘ஓரிரு இடங்கள்’ என்றால் மழை அளக்கும் நிலையங்களில் கால்பங்குக்கு மிகாமல் என்று பொருள். கையை விரிப்பதற்குச் சொல்லும் வார்த்தை இல்லை, அளந்து சொல்வது.

வெயில் ஏறினால் இடி தானாக வரும் என்று நினைப்பதும் தவறு. 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியிலேயே 29 டிகிரி ஏறியது. வானம் வெறுமனே வெளுத்துக் கிடந்தது. சூட்டோடு கடல்காற்றின் ஈரமும் சேர வேண்டும். அறிக்கையில் ‘கிழக்கு திசைக் காற்றும் மேற்கு திசைக் காற்றும் சந்திக்கும் பகுதி’ என்று வாசிக்கிறார்களே, அந்த ஈரம் வந்து சேருவதற்கான அறிகுறி அது; கேட்டால் நான் காதைத் தீட்டிக்கொள்வேன்.

போன மே மாதம் ஒரு மதியம். திண்ணையில் வெப்பமானி 25 காட்டியது. திடீரென்று காற்று திசை மாறி, மேட்டிலிருந்து கீழ்நோக்கிச் சில்லென்று வீசியது. கால் மணி நேரத்தில் 16. மேகத்திலிருந்து விழும் பனிக்கட்டி உருகவும் மழைத்துளி ஆவியாகவும் சுற்றியுள்ள காற்றின் சூட்டையே எடுத்துக்கொள்ளும். குளிர்ந்து கனத்த காற்று தடாலென்று இறங்கும். அப்புறம் தகரக் கூரையில் ஆலங்கட்டி. சுண்டைக்காய் அளவுதான், ஆனால் கொழுந்தெல்லாம் நார்நாராகக் கிழிந்தது. பக்கத்துக் கேரட் தோட்டத்தில் இலையே மிச்சமில்லை. அதற்காக இந்த மழையை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தேயிலையைக் கெடுக்கும் சிவப்புச் சிலந்திப் பூச்சியைக் கழுவிவிட்டு, காய்ந்த செடியில் புதுக்கொழுந்து கிளப்புவது இதுதான்.

மின்னல் மட்டும் விளையாட்டில்லை. மின்னியதும் எண்ணுங்கள், இடி கேட்கும்வரை ஆன நொடிகளை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர். ஆனால் எண்ணிக்கொண்டே கொழுந்து பறிக்காதீர்கள். இடி காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரத்தில்தான் நிற்கிறோம். சில்வர் ஓக் மரத்தடி ஆகவே ஆகாது, தேயிலைக்கு நடுவில் உயரமாக நிற்பது அதுதான். கட்டடத்துக்குள்ளோ, மூடிய வண்டிக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தால் போதும்.

அந்த ஆலங்கட்டி நாளில் என் மழைமானியில் 38 மில்லிமீட்டர். பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் மச்சான் போன் செய்தார்: “உங்க பக்கம் இருட்டா தெரியுதே, மழையா?” மழை விட்டதும் எட்டிப் பார்த்தேன். அவர் வீட்டுக் கொடியில் துணி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

வணக்கம்.