போர்வையில் குத்திய கொண்டை ஊசி

நேயர்களுக்கு வணக்கம்.

1907. ஜாவா தீவு. ஹால்பர்ஸ்டேட்டர், புரோவாசெக் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள். ட்ரக்கோமா என்ற கண்நோய் வந்தவர்களின் இமையில் சுரண்டியதை ஒராங்குட்டான்களின் கண்ணில் தடவி, பிறகு அவற்றின் இமையைச் சுரண்டிச் சாயமேற்றிப் பார்த்தார்கள். செல்லின் உட்கருவை ஒட்டி ஒரு மூட்டை. அதற்குள் பொடிப்பொடியாகப் புள்ளிகள். எதையோ போர்த்திக்கொண்டு கிடப்பதுபோல் பட்டதால், போர்வையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் பெயரிட்டார்கள். ட்ரக்கோமாவை உண்டாக்கும் கிருமிக்குக் கிளமிடியா என்ற பெயர் அந்த வழியில் வந்ததுதான். அவர்கள் நினைத்த போர்வையும் கிருமியைச் சுற்றி இருப்பதாக இன்று நாம் அறிந்த சவ்வும் அச்சு அசலாக ஒன்றல்ல. ஆனாலும் பெயர் பொருந்திவிட்டது.

செல்லுக்கு வெளியே இந்தக் கிருமி மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டரில் மூவாயிரத்தை வரிசையாக அடுக்கலாம். செல்லுக்குள் நுழையும்போது செல்லின் சவ்விலேயே ஒரு குமிழ் உருவாகி அதைச் சுற்றிக்கொள்கிறது. சாதாரணமாக இப்படி உள்ளே வரும் குமிழ்கள் செல்லின் செரிமானப் பைகளோடு போய்ச் சேரும், கதை முடிந்துவிடும். கிளமிடியாவின் குமிழ் மட்டும் அங்கே போவதில்லை.

காரணம், வந்த சில மணி நேரத்திலேயே கிருமி அந்தச் சவ்வில் தன் புரதங்களைச் செருகத் தொடங்கிவிடுகிறது. இவற்றுக்கு ‘இன்க்’ புரதங்கள் என்று பெயர். ட்ரக்கோமா கிருமியில் ஐம்பதுக்கும் மேல். ஊசி போன்ற ஒரு குழாய் வழியாக இவை வெளியே தள்ளப்படுகின்றன. பெரும்பாலானவற்றின் வடிவம் நம் வீட்டுக் கொண்டை ஊசிதான்: வளைவு சவ்வுக்குள், இரண்டு முனைகளும் செல்லின் பக்கம் நீட்டிக்கொண்டு. அந்த முனைகள்தான் வேலை செய்கின்றன.

இன்க்-ஏ என்ற புரதத்தைப் பாருங்கள். ஒரே செல்லுக்குள் நான்கைந்து கிருமிகள் நுழைந்தால் நான்கைந்து குமிழ்கள் இருக்கும். சில மணி நேரத்தில் அவை ஒன்றோடொன்று இணைந்து ஒரே பெரிய அறையாகிவிடும். இன்க்-ஏ இல்லாத வகைகளை ஒளிரும் சாயத்தில் முதலில் பார்த்தபோது, தட்டை மாற்றி வைத்துவிட்டேனோ என்று சந்தேகப்பட்டேன். ஒவ்வொரு செல்லிலும் திராட்சைக் கொத்துபோல் தனித்தனிக் குமிழ்கள்!

இன்க்-டி வேறு ரகம். செல்லில் செராமைடு என்ற கொழுப்பைச் சுமந்து செல்லும் ‘செர்ட்’ என்றொரு புரதம் உண்டு. இன்க்-டி அதைப் பிடித்துத் தன் சவ்வோரம் நிறுத்திக்கொள்கிறது. சரக்கு இங்கே இறங்கிவிடுகிறது.

‘ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டியதாம்’ என்பார்கள். இது அதைவிடக் கெட்டிக்காரப் பிடாரி. ஊர்ப்பிடாரியை விரட்டாமல் வேலை வாங்குகிறது.

இதையெல்லாம் சோதித்துப் பார்ப்பது வெகுகாலம் பெரும்பாடாக இருந்தது. கிளமிடியாவுக்குள் மரபணுவைச் செலுத்த நம்பகமான வழி 2011-ல்தான் கிடைத்தது. அதன் பிறகு வெளிச்சத்துக்கு வந்த ஒன்று, ‘சிபோஸ்’ என்ற இன்க் புரதம். அதை நீக்கிவிட்டால், தொற்றிய செல் பாதி வழியிலேயே தன்னை அழித்துக்கொள்கிறது. அப்போது உள்ளே இருப்பவை, செல்லுக்குள் வந்தபின் பெரிய வடிவத்துக்கு மாறிப் பெருகிக்கொண்டிருக்கும் கிருமிகள். அடுத்த செல்லைத் தொற்றக்கூடிய அந்தச் சிறிய வடிவத்துக்கு அவை இன்னும் திரும்பியிருக்காது.

நன்றி, வணக்கம்.