கடன் கொப்பியும் கைக்காசும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் இருக்கும் சுப்பர்மார்க்கற்றுக்குள் நீங்கள் எல்லோரும் ஒரு தடவையாவது போயிருப்பீர்கள். விலை ஒட்டியிருக்கும், நிறுவை சரியாக இருக்கும், எங்கள் பிள்ளைகள் சிலருக்கு வேலையும் கிடைத்திருக்கிறது. இவற்றை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. கொழும்பில் 1983இல் முதல் ஃபூட் சிற்றி சுப்பர்மார்க்கற் திறந்தது. போர் முடிந்து ஏ9 வீதி திறந்த பிறகு, அந்த மாதிரிக் கடைகள் வன்னிக்கும் வந்தன. வரத்தான் செய்யும்.

நான் கூட்டுறவுச் சங்கத்தில் நெடுங்காலம் கணக்குப் பார்த்தவன். எனக்குத் தெரிந்தது கணக்கு, அதனால் எங்கள் ஊர்ச் சிறு கடைகளின் கணக்கையே சொல்கிறேன்.

வட்டக்கச்சியிலோ விசுவமடுவிலோ ஒழுங்கை முகப்பில் இருக்கும் கடையை நினைத்துப் பாருங்கள். அங்கே இரண்டு விதமான ஆட்கள் சாமான் வாங்குவார்கள். ஒன்று, மாதச் சம்பளக்காரர். ஆசிரியர், கந்தோர் உத்தியோகத்தர். கைக்காசு கொடுப்பார்கள். மற்றது, வயலையும் கூலியையும் நம்பி இருப்பவர்கள். ஐப்பசியில் விதைத்தால் மாசியில்தான் நெல்லுக்குக் காசு. சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் எட்டாது. இடையில் வரும் மாதங்களைக் கடையின் கடன் கொப்பிதான் தாங்குகிறது. வட்டி இல்லை, பிணை இல்லை, கையெழுத்துக்கூட இல்லை.

இப்போது கவனியுங்கள். சம்பளக்காரர் 25ஆம் திகதி மோட்டார் சைக்கிளில் ரவுணுக்குப் போய் மாதச் சாமானை மொத்தமாக வாங்கிவிடுகிறார். சுப்பர்மார்க்கற் எடுத்துக்கொண்டது ஊரின் கைக்காசை. கொப்பியை அது எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டாது. மொத்த வியாபாரியும் கொம்பனி லொறிக்காரரும் கடைக்காரரிடம் காசுதான் கேட்பார்கள். அந்தக் காசு சம்பளக்காரர் கொடுத்த காசு. அது நின்றால் சீனி மூட்டை வராது. சீனி வராவிட்டால் கொப்பியில் எழுத என்ன இருக்கிறது? சுப்பர்மார்க்கற் வாசலை மிதிக்காத கூலிக்காரரின் அடுப்பில்தான் அந்த அடி விழுகிறது. இதை ஒருவரும் பேசுவதில்லை என்பதுதான் என் கவலை.

2022இல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பால்மாவுக்கு நாடு முழுக்க வரிசை நின்ற காலம், உங்களுக்கு நினைவிருக்கும். ரவுணில் ஆளுக்கு ஒரு பைக்கற், முந்தி வந்தவருக்கு முதலில். நியாயம்தான். ஆனால் பெற்றோலும் இல்லாத நாளில் எட்டு மைல் தாண்டி யார் முந்தி வருவது? எங்கள் பக்கத்தில் ஓர் அம்மாவின் கடைக்கு எப்போதாவது சில பைக்கற்றுகள் வரும். அவர் அதை இறாக்கையில் வைக்கவில்லை, உள்ளே வைத்தார். எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் கிழவர் தனியாக இருக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். "அக்கா, காசு கூடத் தாறன், எனக்கு ஒண்டு தாங்கோ" என்று வாகனத்தில் வந்து கேட்டவரிடம், "இல்லைத் தம்பி, இது பிள்ளையளுக்கு வைச்சிருக்கிறன்" என்றார். சிலருக்குப் பைக்கற்றை உடைத்து, அரைவாசி அரைவாசியாகச் சுற்றிக் கொடுத்தார். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில், சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் அரிதாக இருந்தபோது பழகிய பழக்கம் அது. இன்னொன்றும் உண்டு. வீட்டுக் கோழி முட்டை, முருங்கைக்காய், கொஞ்சக் கச்சான் என்று எதைக் கொண்டுபோனாலும் அவர் கணக்கில் கழித்துக்கொள்வார். பத்து முட்டையோடு சுப்பர்மார்க்கற் காசாளரிடம் போய் நிற்க முடியுமா?

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். என்ன செய்யலாம் என்று விரிவாகச் சொல்ல இருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பிரிவிலுள்ள சிறு கடைக்காரர்கள் சேர்ந்து, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் மூலம் மொத்தமாகக் கொள்முதல் செய்யலாம். சங்கங்களுக்கு அந்த அனுபவம் இருக்கிறது. லொறியும் களஞ்சியமும் உள்ள சங்கங்கள் முதலில் தொடங்கட்டும். கடைக்காரரும் விலையை எழுதி ஒட்ட வேண்டும், தராசைச் சரியாக வைத்திருக்க வேண்டும், இதில் சாட்டுச் சொல்லக் கூடாது. சம்பளம் எடுக்கும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: மாதச் சாமானில் அரிசி, சீனி, பருப்பு, மா, இந்த நான்கையாவது உங்கள் ஒழுங்கைக் கடையில் கைக்காசுக்கு வாங்குங்கள். நன்றி, வணக்கம்.