ஒரு மாணவருக்கு ஒரு குடுவை

(மதுரையில் கல்லூரி வேதியியல் மன்றத் தொடக்க விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் முதல்வர் அவர்களே, முன்னிலை வகிக்கும் கல்லூரிச் செயலர் அவர்களே, வேதியியல் துறைத்தலைவர் அவர்களே, ஓய்வுபெற்ற பிறகும் மாணவர்களுக்காக வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த பேராசிரியப் பெருமக்களே, மன்றப் பொறுப்பாளர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். எல்லோருக்கும் முன்னால் வந்து கரைசல் தயாரித்து வைக்கும் ஆய்வக உதவியாளர்களுக்குத் தனி வணக்கம். சால்வை அணிவித்த செயலர் அவர்களுக்கு நன்றி.

மருந்து உருவாக்கத்தில் கரிம வேதியியலாளரின் பங்கு பற்றிப் பேசச் சொன்னார்கள். மூலக்கூறை எப்படிக் கட்டுகிறோம், அதை மருந்தாக எப்படித் திருத்துகிறோம், காப்புரிமை என்ன செய்கிறது என்று மூன்று செய்திகள். மூன்றுக்கும் பொருந்தும் பழமொழி ஒன்று: பதறாத காரியம் சிதறாது.

குயினைனில் தொடங்குகிறேன். நமக்கும் அதற்கும் உறவு உண்டு. பெரியாற்றுத் தண்ணீரை வைகைக்குத் திருப்ப 1887 முதல் 1895 வரை அணை கட்டினார்களே, அந்தக் காட்டில் தொழிலாளர்களைச் சாய்த்த நோய்களில் ஒன்று மலேரியா. அதற்கு மருந்து சிங்கோனா மரப்பட்டையில் கிடைத்த குயினைன். அதை ஆய்வகத்தில் செய்ய முடியுமா என்று 1856 ஈஸ்டர் விடுமுறையில், லண்டனில், தன் வீட்டு ஆய்வறையில் முயன்றவர் வில்லியம் பெர்கின். வயது 18. அல்லைல் டொலுயிடீன் என்ற கரிமச் சேர்மத்தில் இரண்டு மூலக்கூறு, மூன்று ஆக்சிஜன், அதில் ஒரு தண்ணீர் கழித்தால் குயினைன் வாய்பாடு வந்துவிடும். அணுக் கணக்கு அப்பழுக்கில்லாமல் சரி! ஆக்சிஜன் தருவதற்குப் பொட்டாசியம் டைகுரோமேட் சேர்த்தார். வந்தது செம்பழுப்பு வீழ்படிவு. விடவில்லை. இன்னும் எளிய சேர்மமான அனிலீனை எடுத்து அதே வினையைச் செய்தார். இப்போது கருப்புச் சகதி. கொட்டிவிட்டுப் போயிருக்கலாம். குடுவையை ஆல்கஹால் விட்டுக் கழுவினார், கரைசல் ஊதாவாக மாறியது. பட்டுத்துணியை நனைத்துப் பார்த்தார், சாயம் பிடித்தது. வெயிலிலும் துவைத்தும் போகவில்லை. அதுதான் மாவ் என்ற ஊதாச் சாயம். அடுத்த ஆண்டே தொழிற்சாலை கட்டத் தொடங்கிவிட்டார். நம் சுங்குடிச் சேலையில் ஏறும் செயற்கைச் சாயங்களுக்கு மூத்தது அந்த ஊதா. இத்தனைக்கும் காரணம், அவர் வாங்கிய அனிலீன் சுத்தமானது அல்ல, அதில் டொலுயிடீன் கலந்திருந்தது. சுத்த அனிலீனாக இருந்தால் அந்தச் சாயம் வந்திருக்காது. குயினைனோ, முப்பரிமாண அமைப்பையும் முறையாகக் கட்டுப்படுத்தி வேதியியலாளர் கில்பர்ட் ஸ்டார்க் குழு ஆய்வகத்தில் தொகுத்தது 2001-இல்தான்.

ஏன் இவ்வளவு காலம்? வாய்பாடு ஒன்றாக இருந்தாலும் அணுக்களின் இணைப்பும் திசையும் மாறலாம். அடுத்து விளைச்சல் கணக்கு, அதாவது கிடைக்கவேண்டியதில் எத்தனை சதவீதம் கையில் கிடைக்கிறது என்பது. ஒவ்வொரு படியிலும் 90 சதவீதம் கிடைத்தால் பத்துப் படி கழித்து மிஞ்சுவது 35 சதவீதம். 80 என்றால் 11-க்கும் கீழே. பதறாத காரியம் சிதறாது என்பது இங்கே எண்ணாகவே தெரிகிறது.

மருந்தாகத் திருத்துவது பற்றிச் சுருக்கமாக: சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ் வழிநடத்திய குழு ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைத் தொகுத்தது, அமைப்பில் அதை ஒத்து, உடலில் அதன் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரினையும் செய்தது. அமினோப்டெரினில் ஒரே ஒரு நைட்ரஜன் மேல் மெத்தில் தொகுதி (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்) வைத்தால் புற்றுநோய் மருந்தான மெத்தோட்ரெக்ஸேட். ஒரு மெத்தில்தான் வித்தியாசம்!

இதையெல்லாம் கேட்கும் மாணவர் தன் கையால் என்ன செய்திருக்கிறார்? பல கல்லூரிகளில் நான்கு பேருக்கு ஒரு குடுவை. ஒருவர் செய்வார், மூவர் ரெக்கார்டில் எழுதிக்கொள்வார்கள். நான் கேட்பது ஒன்றுதான், ஒரு மாணவருக்கு ஒரு குடுவை.

ஆஸ்பிரினையே எடுத்துக்கொள்வோம். உலர்ந்த குடுவையில் 2 கிராம் சாலிசிலிக் அமிலம், 5 மி.லி. அசிட்டிக் நீரிலி (அன்ஹைட்ரைடு), 5 சொட்டு அடர் கந்தக அமிலம். குடுவை ஈரமாக இருந்தால் நீரிலி அசிட்டிக் அமிலமாகிவிடும். 50 முதல் 60 டிகிரி நீர்த்தொட்டியில் 15 நிமிடம். மிச்ச நீரிலியைச் சிதைக்கத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும், ஒரேயடியாக ஊற்றினால் பொங்கும். பிறகு பனிக்கட்டி. படிகம் வராவிட்டால் கண்ணாடித் தண்டால் சுவரை உரசுங்கள். வடிகட்டிக் குளிர்ந்த நீரில் கழுவி, எத்தனால்-நீரில் சூடாகக் கரைத்து மறுபடிகமாக்கல். சூடான கரைசலை நேரே பனியில் வைக்காதீர்கள், தானாக ஆறட்டும்; அவசரப்பட்டால் அழுக்கும் படிகத்துக்குள் மாட்டும். வெந்நீரில் நெடுநேரம் கொதிக்கவிட்டால் ஆஸ்பிரினே உடைந்துவிடும். கணக்குப்படி 2.6 கிராம் வரவேண்டும். ஃபெரிக் குளோரைடு விட்டால் ஊதா தெரிகிறதா? சாலிசிலிக் அமிலம் மிச்சமிருக்கிறது. உருகுநிலை 135 டிகிரி அருகில் சட்டென்று உருகவேண்டும், 125-இல் இளகத் தொடங்கினால் மறுபடி சுத்தம் செய்யவேண்டும். அந்தத் தவறை அந்த மாணவரின் கைதான் திருத்தவேண்டும். பதறாத காரியம் சிதறாது என்பது நான்கு பேர் வேடிக்கை பார்க்கும் மேசையில் எப்படிப் படியும்?

காப்புரிமைக்கு நேரமில்லை. செயலர் அவர்களிடம் கணக்கோடு கேட்கிறேன். 30 மாணவருக்கு 60 கிராம் சாலிசிலிக் அமிலம், 150 மி.லி. அசிட்டிக் நீரிலி போதும். நீரிலி போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட பொருள், வாங்குவதற்கு முறைப்படி ஆவணங்கள் வேண்டும், பதிவேடு வேண்டும், அதனால் தாமதமாகும். பருவம் தொடங்கும் ஜூனிலேயே ஆர்டர் எழுதிவிடுங்கள். 30 குடுவைகளையும் அதே ஆர்டரில் சேர்த்துவிடுங்கள். வணக்கம்.